மனைக்கு அடியில் என்ன இருக்கிறது?

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால், செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்தைத் தாண்டியதும் தண்டலம் வரும். அடுத்தது இருங்காட்டுக்கோட்டை. அப்பால் ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு இந்த வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. ஆலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டுமல்லவா? நெல் விளைந்த வயல், முள் மண்டிக் கிடந்த மேடு, யாரோ மண்ணெடுத்த பள்ளம் எல்லாவற்றிலும் கல் நட்டு மனைகளாக்கி விட்டார்கள். கல் நட்டுச் சாலையும் போட்டு விட்டால் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். முப்பதுக்கு நாற்பது அடி மனை என்றால் எங்கும் முப்பதுக்கு நாற்பதுதான்!

உங்கள் வீட்டார் அங்கே அப்படி ஒரு மனை வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வேறோர் ஊரில் உங்கள் மாமா கட்டிய வீட்டின் படம் கையில் இருக்கிறது. "நல்ல வீடுதானே, அதையே கட்டிவிடலாம்" என்கிறார்கள். அந்தப் படத்தில் சமையலறை எங்கே, மாடிப்படி எங்கே என்பதெல்லாம் இருக்கிறது. தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது மட்டும் இல்லை. இருபது ஆண்டு வங்கிக் கடனில் எழும்பும் சுவர் இரண்டாம் ஆண்டிலேயே வெடிப்பதும் வெடிக்காததும் பெரும்பாலும் அந்தக் காணாத பகுதியைப் பொறுத்தது. அதை அறிய நீங்கள் வகுப்பில் படித்த இயற்பியலே போதும்.

முதலில் அழுத்தத்தைக் கணக்கிடுவோம். அழுத்தம் என்பது எடையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. 23 செ.மீ. கனமும் 3 மீட்டர் உயரமும் உள்ள செங்கல் சுவர், ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 1.3 டன் எடை இருக்கும். அந்தச் சுவர் தாங்கும் கூரையின் பங்கு, அதன்மேல் நடமாடும் மனிதர், சாமான் எல்லாம் சேர்ந்து இன்னும் 1.1 டன். ஆக ஒரு தளத்துக்கு 2.4 டன். மாடியும் உண்டென்றால் 4.8 டன். அஸ்திவாரத்தின் சொந்த எடையையும் சேர்த்து 6 டன் என்று கொள்ளலாம். இதை 60 செ.மீ. அகல அஸ்திவாரத்தில் நிறுத்தினால் சதுர மீட்டருக்கு 10 டன் அழுத்தம். ஒரு மீட்டர் அகலமாக்கினால் 6 டன்.

இது அதிகமா, குறைவா? 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரு காலூன்றி நிற்கும்போது பாதங்கள் தரும் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 1.7 டன். நான்கு டன் யானை நிற்கிறது. அதன் ஒவ்வொரு பாதமும் 40 செ.மீ. குறுக்களவு கொண்டது என்றால் நான்கு பாதங்களும் சேர்ந்து அரைச் சதுர மீட்டர். அழுத்தம் 8 டன். மாடி வீடு ஒன்று தன் மண்ணை அழுத்துவது ஏறத்தாழ யானை நிற்பது போலத்தான். ஆனால் யானை அடுத்த நிமிடம் நகர்ந்துவிடும். வீடு நகராது.

நாற்று நட்ட வயலில் இறங்கினால் நாமே கணுக்கால் வரை புதைகிறோம். அதாவது அந்தச் சேறு 1.7 டன்னைக்கூடத் தாங்கவில்லை. அந்த வயல்தான் இன்று மனை.

மேல்மண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. அஸ்திவாரம் நிற்கப்போகும் ஆழம் வரை, ஒன்று அல்லது ஒன்றரை மீட்டராவது, குழி தோண்டிப் பார்க்க வேண்டும். களிமண்ணுக்குப் பழைய கட்டடக் கையேடுகளில் ஓர் எளிய சோதனை உண்டு. கருவி உங்கள் கட்டைவிரல். விரல் பல அங்குலம் உள்ளே போனால் அந்த மண் சதுர மீட்டருக்குச் சுமார் 5 டன்தான் தாங்கும். ஓரளவு அழுத்தினால் பள்ளம் விழுமானால் 10 டன், பலங்கொண்டு அழுத்தினால்தான் விழும் என்றால் 15 டன், நகம் மட்டும் பதியும் என்றால் 25 டன். நம் வீட்டின் 10 டன்னை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விரல் புதையும் மண்ணில் 60 செ.மீ. அஸ்திவாரம் நிச்சயம் இறங்கும்.

இது முதல் மதிப்பீடுதான். பொறியாளர் இதை நம்பிப் படம் போடமாட்டார். அவர் துளையிட்டு, 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழச் செய்து, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ணுவார். ஒவ்வோர் அடிக்கும் மண்ணுக்குள் செல்லும் ஆற்றல் எவ்வளவு? நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள். சுமார் 467 ஜூல் வரும். வீட்டின் செலவோடு பார்த்தால் இச்சோதனையின் செலவு மிகச் சிறியது. ஆனாலும் நிலைவாசல் வைக்கும் நாளுக்குச் செலவிடுகிறவர்கள் இதற்குச் செலவிடத் தயங்குவது வியப்புதான்.

கனம் தாங்காமல் இறங்கும் மண்ணை விடத் தொல்லையானது, உப்பிச் சுருங்கும் மண். ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட, இலைகளின் தடம் பதிந்த ஷேல் பாறைகள் உள்ளன. ஷேல் என்பது பழங்காலச் சேறு இறுகி ஏடு ஏடாக அமைந்த பாறை. சிதைந்தால் அது மறுபடி களிமண்தான். ஏரிகள் கொண்டுவந்து படியவைத்த வண்டல் களியும் இங்கே உண்டு. களிமண்ணின் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சிறியது, தட்டையானது. சிலவகைக் களிகளில் ஒவ்வொரு துகளும் சீட்டுக்கட்டைப் போல் பல ஏடுகளால் ஆனது. நீர் மூலக்கூறுகள் அந்த ஏடுகளுக்கிடையே புகுந்து அவற்றை விலக்குகின்றன. மண் உப்புகிறது. கோடையில் நீர் வெளியேறினால் சுருங்குகிறது. வற்றிய ஏரியின் தரையில் பாளம் பாளமாக விரிசலைப் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

இதை உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே அளக்கலாம். மண்ணை உலர்த்திப் பொடித்து மெல்லிய சல்லடையில் சலியுங்கள். 100 மி.லி. அளவுசாடிகள் இரண்டில் பத்துப் பத்துக் கிராம் போட்டு, ஒன்றில் நீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் 100 மி.லி. குறி வரை ஊற்றுங்கள். காற்றுக் குமிழி போகும்படி கலக்கி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய் மூலக்கூறுகளுக்குக் களி ஏடுகளோடு ஒட்டும் தன்மை இல்லை. அங்கே மண் உப்பாது. நீரில் உள்ள மண் 16 மி.லி. அளவும், மண்ணெண்ணெயில் உள்ளது 10 மி.லி. அளவும் நின்றால் உப்பல் 60 சதவீதம். 50 சதவீதத்தைத் தாண்டினாலே எச்சரிக்கை வேண்டும். (மண்ணெண்ணெயை ஆசிரியர் முன்னிலையில், நெருப்பு இல்லாத இடத்தில் கையாளுங்கள்.)

உப்பும் மண்ணில் வீடு முழுவதும் ஒன்றாக உயர்ந்து ஒன்றாகத் தாழ்ந்தால் கவலையில்லை. அப்படி நடப்பதில்லை. வீட்டின் நடுப்பகுதிக்கு அடியிலுள்ள மண் வெயில் படாமல் ஈரமாகவே இருக்கும். ஓரத்து மண் மே மாதத்தில் காயும், ஐப்பசியில் நனையும். நடு நிலையாக நிற்க, ஓரம் மட்டும் ஏறி இறங்குகிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிக்கட்டு போல் ஓடும் வெடிப்பைக் கண்டால் இந்த இழுபறியைச் சந்தேகிக்கலாம். சுவரையொட்டி ஓர் அரச மரம் நின்று அந்தப் பக்கத்து ஈரத்தை உறிஞ்சினாலும் இதே கதைதான்.

பருவத்துக்குப் பருவம் மாறும் ஈரம் குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே எட்டுவதில்லை. ஆகவே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசல் மண்ணுக்கென்று ஒருவகைத் தூண் அஸ்திவாரத்தை உருவாக்கியது. ஆழமான கரிசலில் சுமார் மூன்றரை மீட்டர் வரை குறுகிய துளையிட்டு, அடியில் மட்டும் இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடைந்து, கம்பி வைத்துக் காங்கிரீட்டை நிரப்புவார்கள். மேலே மண் ஏறினாலும் இறங்கினாலும் அடியிலுள்ள குமிழ் தூணை நங்கூரம் போல் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது வகை, நிரப்பிய மனை. பழைய பள்ளத்தை லாரி மண்ணால் தூர்த்திருப்பார்கள். பாதி மனை கெட்டித் தரை, பாதி நிரப்பல் என்றால் ஆபத்து இரட்டிப்பு, ஏனெனில் ஒருபுறம் மட்டும் இறங்கும். இத்தாலியின் பைசா கோபுரம் இதற்கு உலகறிந்த சாட்சி. 1173-ல் தொடங்கிய அந்தச் சுமார் 14,500 டன் கோபுரத்தின் தென்புறம் மென்களி அதிகமாக அமுங்கியது. 1990-ல் அதை மூடி, பின்னர் வடபுற அடிமண்ணைச் சிறிது சிறிதாக எடுத்து, உச்சியை ஏறத்தாழ 45 செ.மீ. திரும்ப நிமிர்த்தி, 2001-ல் திறந்தார்கள்.

நிரப்பல் அமுங்க எவ்வளவு காலம் ஆகும்? களியின் நுண்ணிய இடைவெளிகளிலிருந்து நீர் பிதுங்கி வெளியேறினால்தான் அது இறுகும். 1925-ல் கார்ல் டெர்சாகி என்பவர் வெளியிட்ட மண்ணியக்கவியல் நூலிலிருந்து இத்துறை தொடங்கியது எனலாம். அவர் கண்ட விதிப்படி, இந்தக் காலம் களியடுக்கின் கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். ஒரு மீட்டர் களி ஓராண்டில் இறுகுமானால், அதே களி மூன்று மீட்டர் இருந்தால் ஒன்பது ஆண்டுகள்! "போன வருஷமே மண் கொட்டியாச்சு" என்று மனை விற்பவர் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மனையின் பழங்கதையை அறிய வழி உண்டு. கிராமத்து 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண் நஞ்சையா புஞ்சையா என்று இருக்கும். புல வரைபடத்தில் பழைய வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது என்று தெரியும். அருகிலுள்ள கிணற்றை எட்டிப் பாருங்கள்; மண்ணடுக்குகள் சுவரிலேயே தெரியும். மனையைக் கோடையில் மட்டும் பார்த்துவிட்டு வரக் கூடாது. கார்த்திகை மழையில் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது. நமது முப்பதுக்கு நாற்பது மனையில் அவ்வளவு பெய்தால் விழும் நீர் சுமார் 54,000 லிட்டர். அப்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டு அடையாற்றில் பாய்ந்தது. அந்த வெள்ளம் எந்த வீட்டுச் சுவரில் எந்த உயரம் வரை நின்றது என்று ஊரில் கேட்டால் காட்டுவார்கள். அங்கிருந்து உங்கள் மனைக்கு உயரத்தை எடுத்துவரக் கொத்தனாரின் நீர் நிரப்பிய நீண்ட பிளாஸ்டிக் குழாயே போதும். அதன் இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். வீட்டின் தரைமட்டம் அந்தக் குறிக்கு மேலே அமைய வேண்டும்.

நிலத்தடி நீர் மேலேறும் மனையில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். வெளிப்புறம் எல்லாப் பக்கமும் 2.3 மீட்டர் உள்ள காங்கிரீட் தொட்டியைப் புதைத்திருக்கிறோம். சுவர், தளம், மூடி எல்லாம் 15 செ.மீ. கனம் என்றால் அதன் எடை சுமார் 10½ டன். மழைக்கால நீர் தரைமட்டம் வரை ஏறினால் தொட்டி விலக்கும் நீரின் எடையோ 12 டன். காலித் தொட்டி மிதக்கப் பார்க்கும். சுற்றியுள்ள மண்ணின் பிடி தளர்ந்தால் மேலே எழும்பி, குழாய்களையும் முறித்துவிடும். மழைக்கு முன் தொட்டி கட்டி முடித்தால் உடனே நீர் நிரப்பி வைக்கச் சொல்வதற்குக் கசிவு பார்ப்பதோடு இதுவும் ஒரு காரணம்.