டாலர் வேலை, ரூபாய் சம்பளம்: திருச்சி பசங்களுக்கு ஒரு கணக்கு

ஸ்ரீரங்கத்துல இருந்து தினமும் நவல்பட்டு ஐடி பார்க்குக்கோ, மெடிக்கல் பில்லிங் ஆபீஸுக்கோ போறீங்களா? அமெரிக்க ஆஸ்பத்திரியோட பில் வேலை திருச்சிக்கு ஏன் வருது? அங்கே ஒருத்தருக்குக் கொடுக்கிற சம்பளத்துல இங்கே சிலரை வேலைக்கு வைக்கலாம். இதுதான் ஆஃப்ஷோரிங்.

கம்பெனிக்கு வர்றது டாலர். 2014-ல் ஒரு டாலர் சுமார் 60 ரூபாய், 2024-ல் சுமார் 84. அந்த லாபம் தானா உங்க சம்பளத்துல ஏறாது. ஆனா ரூபாய் சரிஞ்சா மொபைல், லேப்டாப் விலை உங்களுக்கும் ஏறும். இன்னொன்னு, செலவு குறைவுன்னு இங்கே வந்த வேலை, நாளைக்கு பிலிப்பைன்ஸுக்கோ ஒரு சாஃப்ட்வேருக்கோ போயிடலாம்.

அதனால கம்பெனி பார்க்கிற அதே கணக்கை நீங்களும் போடுங்க. சென்னையில இருந்தா வாடகைக்கு மாசம் 8,000 போயிருக்கும்னு வைங்க. சொந்த வீட்டுல இருந்தா, அந்தப் பணத்தை சம்பளம் வந்த அன்னைக்கே ஆர்.டி.யில போடுங்க. மாசச் செலவு 15,000-ன்னா, 6 மாசத்துக்கு 90,000. அது 12 மாசத்துல சேர்ந்துடும்.

அப்புறம் வேலையே போனாலும், கிடைச்ச சம்பளத்துக்கு அவசரப்பட்டு தலையாட்ட வேண்டியதில்லை.