உளியை ஓட்டும் மென்பொருள்

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகரைத் தரிசித்துவிட்டு ஸ்ரீகாளஹஸ்திப் பக்கம் போகிறவர்கள், மரத்தில் சாமி உருவங்கள் செதுக்கும் மாதவமாலா கிராமத்தையும் பார்த்துவிட்டு வரலாம். அங்கே உளி எங்கே வளைய வேண்டும் என்று முடிவுசெய்வது கையும் கண்ணும். கணினியின் கட்டளைப்படி செதுக்கும் சிஎன்சி இயந்திரத்தில் அந்த வேலை மென்பொருளுடையது. வீட்டில் சின்னதாக ஒன்று செய்துபார்க்க நினைப்பவர் மோட்டாருக்கும், உளியைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கும் காசு கொடுத்தே ஆக வேண்டும். மென்பொருளுக்குப் பைசா வேண்டாம்.

கணினியில் வரைந்த பிள்ளையார் முதலில் வெட்டும் பாதையாக மாற வேண்டும். ஃப்ரீகேட் என்ற மென்பொருள் அதைச் செய்து, ஜி-கோட் எனப்படும் கட்டளை வரிகளாகத் தரும். ‘ஜி1 எக்ஸ்40 எஃப்600’ என்றால், நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் வேகத்தில் 40-ஆவது மில்லிமீட்டருக்கு நேர்கோட்டில் போ என்று பொருள்.

இந்த வரிகளை மோட்டாருக்குப் புரியவைப்பது ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள். நார்வேக்காரரான சீமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-இல் தொடங்கியது. ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன மின்னணுப் பலகையிலேயே ஓடும். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி எடுக்கும். மோட்டாரை இயக்கும் டிரைவர் சுற்று ஒவ்வொரு படியையும் 8 ஆகப் பிரித்தால் 1,600. திருகுதண்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தினால், மில்லிமீட்டருக்கு 200 துடிப்பு. பூஜ்யத்திலிருந்து அந்த ஒற்றை வரியை முடிக்க, சுமார் 4 விநாடியில் 8,000 துடிப்புகள்! அதோடு, வரப்போகும் வரிகளை முன்கூட்டியே படித்து, கூர்மையான திருப்பத்துக்கு முன் வேகத்தையும் குறைக்கிறது. வெறும் 2 கிலோபைட் நினைவகத்துக்குள் இவ்வளவும் நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பெரிய இயந்திரங்களுக்கு லினக்ஸ்சிஎன்சி இருக்கிறது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 1990-களில் உருவாக்கிய கட்டுப்பாட்டு மென்பொருளின் வழிவந்தது. தனிக் கணினியும் லினக்ஸ் பழக்கமும் கேட்கும். புதியவர் ஜிஆர்பிஎல்லில் தொடங்குவதே நல்லது.

பழக வேப்பம்பலகை போதும். செம்மரம் சட்டப் பாதுகாப்பில் உள்ள மரம், அனுமதியின்றித் தொடக்கூடாது. முதல் ஓட்டத்தில் ஸ்பிண்டிலை உயர்த்திவைத்து, மரத்தில் படாமல் காற்றிலேயே ஓடவிடுங்கள். 100 மில்லிமீட்டர் நகரச் சொல்லி ஸ்கேலால் அளந்து பாருங்கள். 98 காட்டினால் ஜிஆர்பிஎல்லின் ‘$100’ என்ற அமைப்பில் உள்ள 200-ஐ 204.08 ஆக்குங்கள். அது எக்ஸ் அச்சுக்கு மட்டும். ஒய் அச்சுக்கு ‘$101’, இசட் அச்சுக்கு ‘$102’. அவற்றையும் தனித்தனியே அளக்க வேண்டும்.