முதலில் மைனஸ், அப்புறம் பில்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்திக்குப் போகும் சாலையில் ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள். காருக்கு முன்னால் அதன் சத்தம் வந்துசேரும். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி போனஸ் கைக்கு வந்ததும் 'ஏர் இன்டேக்' மாட்டிக்கொண்டு வரும் பிள்ளைகள். ஷோரூமிலிருந்து வந்த கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவைக் கழற்றிவிட்டு, அலுமினியக் குழாயும் கூம்பு ஃபில்டரும் போடுகிறார்கள். பிக்கப் கூடுமாம். சாதாரண காரில் கூடுவது பெரும்பாலும் சத்தம்தான். சொன்னால் யார் கேட்கிறார்கள், போகட்டும்.

அதை மாட்டும் விதத்தைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. பல சின்ன கார்களில் ஏர் ஃபில்டர் டப்பாவும் பேட்டரியும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. பேட்டரியைத் தொடாமலேயே வேலையை ஆரம்பிக்கிறார்கள். இன்னும் சிலர் கழற்றுகிறார்கள், ஆனால் பிளஸ்ஸை முதலில் கழற்றுகிறார்கள். காரின் பாடி முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. பிளஸ் நட்டில் ஸ்பேனர் இருக்கும்போது அதன் மறுமுனை பாடியில் எங்கே பட்டாலும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். ஸ்பேனர் பழுத்துப்போகும், விரலில் மோதிரம் இருந்தால் மோதிரமும் பழுக்கும். சார்ஜ் ஏறிய பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருந்தால், ஒரு பொறியில் பேட்டரியே வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கலாம்.

ஆகவே முறை இதுதான். சாவியை எடுத்துப் பையில் வையுங்கள். காருக்குள் விட்டால் கதவு பூட்டிக்கொள்ளக்கூடும். மோதிரம், வாட்ச், காப்பு கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். மைனஸை முதலில் கழற்றி, தானாகத் திரும்பி வந்து படாதபடி துணி சுற்றி ஒதுக்குங்கள். சில நிமிடம் பொறுத்து வேலையைத் தொடங்குங்கள். காற்றின் அளவைச் சொல்லும் சென்சாரின் பிளக்கை லாக்கை அழுத்தித்தான் எடுக்க வேண்டும்; ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. மாட்டும்போது மைனஸ் கடைசி. மறுபடியும் சொல்கிறேன்: கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இணைத்தபின் கடிகாரம், ஆட்டோ விண்டோ செட்டிங் அழிந்திருக்கும்; ஐடிலிங் கொஞ்சம் தடுமாறி, ஓட ஓடச் சரியாகும். சில கார்களில் ஸ்டீரியோ கோட் கேட்கும், அதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். இரண்டு பேட்டரி உள்ள ஹைபிரிட் வண்டி என்றால் ஓனர் மேனுவலைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் என்றால் அளவு மீறித் தடவாதீர்கள். எண்ணெய் காற்றளவு சென்சாரில் படிந்து செக் இன்ஜின் லைட் எரியும். ஃபில்டரைப் பம்பருக்குப் பக்கம் தாழ்த்தி மாட்டினால், ஜவ்வாது மலையடிவார மழையில் சாலையில் தேங்கிய தண்ணீரை இன்ஜின் அப்படியே குடித்துவிடும். கனெக்டிங் ராடு வளைந்தால் செலவு ஆயிரங்களோடு நிற்காது. இன்ஜின் பாதுகாப்புக்குத் தனி ஆட்-ஆன் எடுத்திருக்காவிட்டால் இன்சூரன்ஸ் பொதுவாக இதற்குப் பணம் தராது.

சட்டப் பக்கம் வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. ஒலி, புகை வரம்பு மீறினால் 190-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் உண்டு. ஃபில்டர் மட்டும் மாற்றியது இதில் அடங்குமா என்று வாதாடலாம். சோதனைச் சாவடியில் அந்த வாதம் எடுபடாது. அதனால் மாட்டுவதற்கு முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் (வேலூர் டி.என். 23, ராணிப்பேட்டை 73, வாணியம்பாடி 83) எழுத்தில் கேட்டு, மனுவின் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். "அதெல்லாம் வேண்டாம் சார், யாரும் கேக்க மாட்டாங்க" என்பார் ஒரு கிளார்க். அவர் சொல்வதற்கு எந்த மதிப்பும் இல்லை. கேளுங்கள், சீல் வாங்காமல் நகராதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கடிதம் போடுங்கள். மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பின் வரும் சர்வேயர் பானெட்டைத் திறந்ததும் கம்பெனிக்குக் கிளெய்மை மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

மாட்டித் தரும் கடைக்காரர் பிளஸ்ஸை உரசி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம்.மைக் கருக்கிவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஜி.எஸ்.டி. பில் வாங்குவதில்லை, ஜாப் கார்டு கேட்பதில்லை, பணம் கையில் கொடுத்து வருகிறார்கள். பில் இல்லாவிட்டாலும் யு.பி.ஐ. ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், படங்கள் உதவும்; ஆனால் பில் இருந்தால் வேலை பாதி. முதலில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பழுதின் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அந்த அறிக்கை வரும்வரை கருகிய பாகத்தைக் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். பிறகு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, ஒப்படைத்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊர் எந்த ஆணையத்தின் எல்லையோ அங்கேயே போடலாம். இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

இன்சூரன்ஸ் மறுப்பு என்றால் வழி வேறு. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, ஓராண்டுக்குள் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகம். அங்கும் கட்டணமில்லை. கடைசியாக ஒன்று: கழற்றிய பழைய ஏர் டப்பாவைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். வாரண்டி கேட்டுப் போகும்போதும் வண்டியை விற்கும்போதும் அதை மறுபடி மாட்ட வேண்டியிருக்கும்.