கோழிக்கு ஃப்ளூ மாத்திரை கொடுக்கலாமா?

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் பல வீடுகளில் நாட்டுக்கோழி உண்டு. கோழிகள் திடீரென இறக்கும்போது, மனிதர்களுக்கான ஃப்ளூ மாத்திரையைத் தண்ணீரில் கலந்து கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கொடுக்கக் கூடாது.

இரண்டு மருந்துகள்

அமாண்டடின் பழைய மருந்து. இது 'ஏ' வகை ஃப்ளூ வைரஸை மட்டுமே தடுக்கும். 'பி' வகையிடம் பலிக்காது. ஓசல்டமிவிர், பெருகிய வைரஸ் ஒரு செல்லிலிருந்து வெளியேறி அடுத்த செல்லுக்குப் பரவுவதைத் தடுக்கும். இது இரண்டு வகைக்கும் பயன்படும்.

சீனாவில் 1990-களின் இறுதியிலிருந்து கோழிகளுக்கு அமாண்டடின் கொடுத்தது 2005-இல் வெளியே தெரிந்தது. அதற்குள் சீனா, வியட்நாம், தாய்லாந்து நாடுகளில் பரவிய எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ்களில் பல அந்த மருந்துக்குக் கட்டுப்படாமல் போயின. 2009-இல் வந்த பன்றிக் காய்ச்சலுக்கும் அமாண்டடின் பலிக்கவில்லை, ஓசல்டமிவிர்தான் கைகொடுத்தது. அதையும் கண்டபடி பயன்படுத்தினால், நாளை நம் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும்போது மருந்து இருந்தும் பலன் இருக்காது.

மாத்திரையால் பிழைத்த கோழி, நோய் வெளியே தெரியாமல் வைரஸைப் பரப்பவும் கூடும்.

கோழிகள் இறந்தால்

கொண்டை நீலமாவது, முகம் வீங்குவது, கூட்டமாக இறப்பது ஆகியவை பறவைக் காய்ச்சலின் அறிகுறிகள். வெள்ளைக்கழிச்சலிலும் கோழிகள் இப்படிக் கூட்டமாக இறக்கும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்தில்தான் பறவைக் காய்ச்சல் உறுதி செய்யப்படுகிறது.

* உடனே கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.
* செத்த கோழியை வெறும் கையால் தொடாதீர்கள். ஓடையில் வீசாதீர்கள்.
* நோயுற்ற கோழியை விற்கவோ, அறுத்துச் சமைக்கவோ வேண்டாம்.
* வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. கால்நடைத் துறை முகாமில் தவறாமல் போடுங்கள்.

நோய் உறுதியானால் சுற்றி 1 கி.மீ. தூரத்துக்குள் உள்ள கோழிகள் அழிக்கப்படும். அதற்கு அரசு இழப்பீடு உண்டு. எனவே மறைக்க வேண்டாம்.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்

இந்தியாவில் எச்5என்1 தொற்றால் முதல் மனித இறப்பு 2021 ஜூலையில் பதிவானது. இறந்தவர் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன். நோயுற்ற கோழிகளோடு பழகியவருக்குக் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கோழிகள் இறந்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓசல்டமிவிரை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும். மலையிலிருந்து இறங்கிப் போகும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். நாள் தாண்டிவிட்டாலும் போகத் தயங்க வேண்டாம். நோய் கடுமையானால் தாமதமாகவும் மருந்து தருவார்கள்.

கடையில் நீங்களே வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸை எதுவும் செய்யாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை, அவர் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் சாப்பிடுங்கள்.