சீம்பால் தரும் முதல் காவல்



பக்கத்து அறையில் குழந்தை வீரிட்டு அழுகிறது. தூக்குவதற்கு முன்பே தாய்க்குப் பால் கசிந்து ரவிக்கை நனைந்துவிடுகிறது. காரணம், ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். பால் சுரப்பிகளைச் சுற்றியுள்ள நுண்தசைகளைச் சுருங்க வைத்து, பாலை வெளியே தள்ளுவது இதுதான். பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்கவும், ரத்தப்போக்கு குறையவும் இது உதவுகிறது. குழந்தையை அணைக்கும்போது தாய்க்கு உண்டாகும் பாசத்திலும் இதற்குப் பங்கு உண்டு.

பாலைச் சுரக்க வைப்பது புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோன். நஞ்சுக்கொடி வெளியேறி, புரோஜெஸ்டிரோன் ஹார்மோனின் அளவு சரிந்ததும் புரோலாக்டினின் வேலை சூடுபிடிக்கிறது.

பாலோடு குழந்தைக்குப் பாதுகாப்பும் சேர்ந்து வருகிறது. கர்ப்ப காலத்திலேயே, தாயின் குடலில் கிருமிகளை அடையாளம் கண்ட நோய் எதிர்ப்புச் செல்கள் மார்பகத்துக்கு இடம்பெயர்கின்றன. அவை உண்டாக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் பொருள், பிரசவித்ததும் முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் செறிந்திருக்கும். குழந்தையின் குடலில் கிருமிகள் ஒட்டாமல் அது தடுக்கும்.

ஆகவே சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடாதீர்கள். சேனை வைப்பதோ, சர்க்கரைத் தண்ணீரோ வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. இது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.