காப்பகத்து கேட்ல அட்டைப்பெட்டியை வைக்கிறதுக்கு முன்னாடி... ஒரு நிமிஷம்!

மழை விட்ட ஒரு காலை. ஆபீஸ் கிளம்ப பைக்கை எடுக்கிறீர்கள். பக்கத்தில் நிற்கும் காருக்கு அடியில் கீச்... கீச்சென்று சத்தம். குனிந்து பார்த்தால், கண்கூட இன்னும் சரியாகத் திறக்காத நாலு நாய்க்குட்டிகள். தாயைக் காணோம். மனசு கேட்கவில்லை. மளிகைக் கடையில் ஓர் அட்டைப்பெட்டி வாங்கி, பழைய டி-ஷர்ட்டை விரித்து, நாலையும் அதில் வைத்து, மேப்பில் 'அனிமல் ஷெல்டர்' தேடிப் போகிறீர்கள். கேட் பூட்டியிருக்கிறது. ஆபீஸுக்கு லேட் ஆகிறது. பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறீர்கள்.

'எப்படியோ காப்பாத்திட்டோம்' என்ற நிம்மதியில் உங்களுக்கு அன்றைய நாள் நல்லபடியாகவே போகும். அந்தப் பெட்டிக்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். ஏனென்றால், ஒரு காப்பகத்துக்கு உதவுவது என்பது பெரும்பாலும் அங்கே போவதற்கு முன்பே, நம்ம தெருவிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

பெட்டிக்குள் இருந்த நாலு குட்டிகள்

முதல் விஷயம், தாய் நாய் ஓடிப்போயிருக்க வாய்ப்பு குறைவு. பால் கொடுக்கும் நாய்க்குப் பசி அதிகம். டீக்கடை, கறிக்கடை, குப்பைத்தொட்டி என்று சாப்பாடு தேடிப் போயிருக்கும். திரும்பி வந்து பார்க்கும்போது, காருக்கு அடியில் குட்டிகள் இருக்காது.

இரண்டாவது விஷயம் இன்னும் சீரியஸ். நாய்க்குட்டிகளுக்கு முதல் தடுப்பூசியே ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் போடுவார்கள். அதுவரை தாயின் பாலிலிருந்து கிடைத்த எதிர்ப்பு சக்திதான் காவல். காப்பகம் என்பது அடிபட்ட, நோயுற்ற விலங்குகள் ஊரின் நாலாபக்கமிருந்தும் வந்து சேரும் இடம். அங்கே தடுப்பூசி போடாத குட்டிகளுக்குப் பெரிய எமன், பார்வோ வைரஸ். வாந்தி, ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு என்று ஆரம்பித்து, உடலில் நீர் வற்றி, சில நாள்களிலேயே உயிரைப் பறித்துவிடும். இந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். செருப்பு, துணி, சாப்பாட்டுத் தட்டு என எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டு பரவும்.

இது காப்பகத்தின் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். அரசு மருத்துவமனையின் காய்ச்சல் வார்டுக்குள் பச்சைக்குழந்தையைக் கொண்டுபோய் விடுவோமா? அதே கணக்குதான்.

இன்னொன்று, வளர்த்த விலங்கைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால், முதல்முறை பிடிபட்டால் அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பல பத்தாண்டுகளுக்கு முன்பு போட்ட தொகை! அதனால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் சும்மா இருக்க முடியாது.

காப்பகத்துக்கு ரெண்டு கதவு

ஒரு சின்ன கணக்கு போடுவோம். ஒரு காப்பகத்துக்கு ஒரு நாளைக்கு 5 விலங்குகள் வருகின்றன, 2 விலங்குகள் தத்துப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் 90 விலங்குகள் கூடுதலாக இருக்கும். இடம் அதே இடம்தான். டாக்டர்கள், கூண்டு கழுவும் ஊழியர்கள், சமையல் பாத்திரம் எல்லாமே அதேதான். நெரிசல் கூடினால் சண்டை கூடும், நோய் கூடும். நோய் கூடினால் செலவு கூடும்.

ஆக, உள்ளே வரும் கதவில் கூட்டத்தைக் குறைக்க வேண்டும், வெளியே போகும் கதவை அகலமாகத் திறக்க வேண்டும், நடுவில் இருக்கும் விலங்குகளுக்கு மாதாமாதம் கை கொடுக்க வேண்டும். நீங்கள் செய்யும் எந்த உதவியும் இந்த மூன்றில் ஒன்றில்தான் வரும்.

இதைச் சென்னை ரொம்ப காலத்துக்கு முன்பே செய்துகாட்டியிருக்கிறது. 1959-ல், மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்ததில் தொடங்கியதுதான் 'ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா'. முதல் காப்பகமே அவர்கள் வீடுதான். தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று 1960-களிலேயே அவர்கள் சொன்னார்கள். சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆனது. பிறகு 2001-ல் நாடு முழுமைக்குமான விதியாகவே அது மாறியது.

உள்ளே வரும் கதவு: உங்க தெருவிலேயே முடிக்கலாம்

குட்டிகளைப் பார்த்ததும் தூக்காதீர்கள். தள்ளி நின்று சில மணி நேரம் கவனியுங்கள். தாய் வந்துவிட்டால், உங்கள் வேலை அதற்குச் சாப்பாடும் தண்ணீரும் வைப்பது மட்டும்தான். மழை பெய்தால் மேலே ஒரு தகரமோ, பழைய ஃப்ளெக்ஸோ போதும்.

எப்போது தலையிட வேண்டும்? தாய் அடிபட்டு இறந்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால், குட்டியின் உடல் சில்லென்று இருந்தால், காயத்தில் புழு இருந்தால். அப்போதும் முதல் வேலை பால் கொடுப்பது அல்ல, சூடு கொடுப்பது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உடல் குளிர்ந்திருக்கும் குட்டிக்குப் பால் புகட்டினால் ஜீரணமாகாது. சாதாரண பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவந்துவிடும். அதனால் கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை. இதுதான் காப்பகத்துக்கு நீங்கள் செய்யும் ஆகப்பெரிய உதவி. ஒரு பெண் நாய் வருஷத்துக்கு ரெண்டு முறை வரை குட்டி போடலாம். ஓர் ஆபரேஷன் நடந்தால், அடுத்த ஆறு மாதத்தில் இன்னோர் அட்டைப்பெட்டி தேவைப்படாது. சென்னை என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லலாம். மற்ற ஊர்களில் மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். தனியாகக் கேட்பதைவிட, தெருக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும். ஆபரேஷன் ஆன நாயின் காதில் ஒரு சின்ன வெட்டு அடையாளம் இருக்கும். பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பது 2023 விதிகளிலும் இருக்கிறது.

'இதெல்லாம் சரி, என் பொண்ணைக் கடிச்சா யார் பதில் சொல்றது?' என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். நியாயமான கேள்வி. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். கடித்த இடத்தை உடனே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த அக்காவுடன் சண்டை போடாதீர்கள். 'தெரு நாய்களுக்கு ஊசி போட முகாம் கேக்கலாம், நீங்களும் கையெழுத்துப் போடுங்கக்கா' என்று சொல்லிப் பாருங்கள். குழந்தைகள் விளையாடும் இடம், வீட்டு வாசல், மாடிப்படி பக்கம் சாப்பாடு வைக்காமல், ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வையுங்கள்.

2025 ஆகஸ்ட்டில் டெல்லி தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், சில நாள்களிலேயே அதை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், ரேபிஸ் உள்ளவையும் ஆக்ரோஷமானவையும் மட்டும் வேண்டாம் என்றது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் உள்ள நாய்களைக் காப்பகத்துக்கு மாற்றச் சொன்னது. காப்பகங்களின் மீதான சுமை இனி கூடத்தான் செய்யும்.

நடுவுல: பிஸ்கட் பாக்கெட் போதும், பழைய வேட்டி கொண்டாங்க

பிறந்தநாளுக்குக் காப்பகம் போய், க்ரீம் பிஸ்கட் கொடுத்து செல்ஃபி எடுப்பது ஒரு ட்ரெண்ட். நல்ல மனசுதான். ஆனால், சர்க்கரை பிஸ்கட்டில் சத்து இல்லை. சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு விஷம். வேகவைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும்.

உண்மையில் தேவைப்படுபவை இவை: அரிசி, முட்டை, பழைய காட்டன் புடவை, வேட்டி, பெட்ஷீட், துண்டு, பழைய நியூஸ் பேப்பர், கையுறை, ப்ளீச்சிங் பவுடர். ஃபினாயில் வாங்கிக் கொடுக்கும் முன் கேளுங்கள். பூனைகளுக்கு அது நஞ்சு. எதைக் கொடுப்பதாக இருந்தாலும், 'இந்த வாரம் எது குறையுது?' என்று ஒரு போன் போட்டுவிட்டுப் போனால், ஐந்தாவது மூட்டை அரிசி குடோனில் கிடக்காது.

பணமா? வருஷத்துக்கு ஒருமுறை 6,000 ரூபாய் தருவதைவிட, மாதம் 500 ரூபாய் தருவது பலமடங்கு உதவி. தொகை ஒன்றுதான். ஆனால் டாக்டர் சம்பளம், ஆம்புலன்ஸ் டீசல், டிரிப்ஸ் எல்லாம் மாதாமாதம் வரும் செலவு. 'அடுத்த மாசம் இவ்வளவு வரும்' என்று தெரிந்தால்தான் அவர்களால் திட்டம் போட முடியும்.

ரீல்ஸில் ரத்தக்காயத்தோடு ஒரு நாயைக் காட்டி, கீழே க்யூ.ஆர் கோடு வைத்தால் உடனே ஸ்கேன் செய்யாதீர்கள். பதிவு எண் உண்டா, ரசீது தருகிறார்களா, நேரில் வந்து பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை.

பணமும் இல்லையா? நேரம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சுவதற்கு ஆள் நிறைய உண்டு, செவ்வாய்க்கிழமை காலையில் கூண்டு கழுவத்தான் ஆள் கிடைப்பதில்லை. தொடர்ந்து போவதாக இருந்தால், ரேபிஸ் முன்தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே போகும் கதவு: ரெண்டு வாரம் இடம் இருக்கா?

தத்தெடுக்க எல்லோராலும் முடியாது. மேன்ஷனில் இருப்பீர்கள், ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால், ஃபாஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. ஒரு விலங்கைச் சில வாரங்கள் மட்டும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது. ஆபரேஷன் முடிந்த பூனைக்கு ஒரு பாத்ரூம் மூலை போதும். காப்பகத்தில் ஓர் இடம் காலியாகும், அந்தப் பூனையும் மனிதர்களோடு பழகும். அப்புறம் யாரும் தத்தெடுப்பது சுலபம்.

தத்தெடுக்க முடிந்தவர்கள், குட்டிகளைத் தாண்டி கொஞ்சம் உள்ளே நடந்து பாருங்கள். மூன்று வயதான நாட்டு நாய், மூணு கால் நாய், ஒற்றைக்கண் பூனை எல்லாம் அங்கே இருக்கும். நாட்டு நாயின் குட்டை முடி நம்ம வெயிலுக்கு ஏற்றது. வளர்ந்த நாயின் குணம் முதல் நாளே தெரிந்துவிடும். 'வீடு சொந்தமா, வாடகையா? ஊருக்குப் போனா யார் பார்த்துப்பாங்க?' என்று காப்பகத்தில் துருவித் துருவிக் கேட்டால் கோபப்படாதீர்கள். நாய் 10, 15 வருஷம் வாழும். தத்துக் கொடுத்த நாய் அடுத்த தீபாவளிக்கே திரும்பி வந்து நிற்பதைப் பார்த்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

மறுபடியும் அந்தக் காருக்கு அடியில்...

இப்போது அதே காலையைத் திரும்ப யோசியுங்கள். குட்டிகளைத் தொடவில்லை. கார் ஓனருக்கு போன் போட்டு, 'அண்ணா, வண்டி எடுக்கும்போது கீழ பாத்துட்டு எடுங்க' என்று சொல்கிறீர்கள். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ். எதிர்வீட்டுப் பாட்டி ஒரு கிண்ணம் தயிர்சாதத்தோடு வந்து நிற்கிறார். அரை மணி நேரத்தில் தாய் நாய் நனைந்துகொண்டே ஓடி வருகிறது.

மூன்று மாதம் கழித்து அதே தெருவில் அந்தத் தாய் உங்களைப் பார்த்து வாலை ஆட்டும். அதன் காதில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். காப்பகத்தில், அன்றைக்கு நீங்கள் கொண்டுபோய் வைக்காத அந்தப் பெட்டியின் இடத்தில், லாரியில் அடிபட்ட வேறொரு நாய்க்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்.