பழைய ரோட்டவேட்டரைப் புதுப்பிக்கும் முன்...

சம்பா உழவு நெருங்கும்போது புதுச்சேரி மேட்டுப்பாளையம் பகுதிப் பட்டறைகளுக்கு ரோட்டவேட்டர்கள் வரத் தொடங்கிவிடும். பாகூர், வில்லியனூர், திருக்கனூர் பக்கத்து விவசாயிகள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஆயில் ஒழுகுது சார்.”

பாகூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் ஆயில் சீலை மூன்று முறை மாற்றியும் ஒழுகல் நிற்கவில்லை. புது இயந்திரம் வாங்கலாம் என்று கடனுக்கு அலைந்துகொண்டிருந்தார். போய்ப் பார்த்தால், கியர் பாக்ஸின் மேலே இருக்கும் பிரீதர் துளையைச் சேறு அடைத்திருந்தது. ஓட்டும்போது உள்ளே சூடேறும், காற்று விரியும். அது வெளியேற வழியில்லை என்றால் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளிவிடும். ஒரு கம்பியும் கொஞ்சம் டீசலும் போதுமாக இருந்தது. எனவே சீலை மாற்றும் முன் பிரீதரைப் பாருங்கள்.

பிரீதர் சுத்தமாக இருந்தும் ஒழுகினால், ரோட்டரின் இரு முனைகளையும் கவனியுங்கள். வைக்கோல், நைலான் கயிறு, சாக்கு நூல் சுற்றிக்கொண்டு சீலின் உதட்டை அறுத்திருக்கும். கத்தியால் அறுத்து எடுங்கள். ஷாப்ட்டில் சீல் உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது. லேத்தில் சரிசெய்த பிறகே சீல் போட வேண்டும். கழற்றிய ஆயில் பால் போல வெளுத்திருந்தால் சேற்றுழவில் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. அதை முழுவதும் வடித்து, டீசலால் அலசி, கையேட்டில் சொன்ன ஆயிலை அளவுக்கோடு வரை ஊற்றுங்கள்.

அடியில் குனியும் முன் என்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக்கை நம்பவே நம்பாதீர்கள். இரு பக்கமும் கனமான கட்டைகளை முட்டுக்கொடுங்கள். இதில் அலட்சியம் கூடாது.

பிளேடுகளில் பாதி அகலம் தேய்ந்தவற்றை மாற்றிவிடுங்கள். இடது, வலது என்று இரண்டு வகை உண்டு. பழையதைக் கழற்றிய இடத்திலேயே அதே வகையை மாட்ட வேண்டும். எல்லாவற்றையும் கழற்றிக் குவித்துவிட்டு மாட்டினால் வரிசை மாறி, வண்டி அதிரும், பேரிங் போகும். தேய்ந்த பிளேடில் சாதாரண வெல்டிங் ராடால் துண்டு ஒட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. பதமேற்றிய எஃகு அந்தச் சூட்டில் பதம் இழந்துவிடும். வயலில் உடைந்து தெறித்தால் ஆபத்து.

பிளேடு போல்ட்டுகள் உறுதியான ஹைடென்சில் வகையாகவே இருக்கட்டும். ஆனால் பி.டி.ஓ. ஷாப்ட்டில் உள்ள ஷியர் போல்ட் அதற்கு நேர்மாறு. உடைவதற்கென்றே அதை வைத்திருக்கிறார்கள். கனடா போன்ற நாடுகளில் டிராக்டரில் பூட்டும் பனி வீசும் இயந்திரத்திலும் இதே ஏற்பாடு உண்டு. கல்லோ உறைந்த கட்டியோ சிக்கினால் போல்ட் உடையும், கியர் பாக்ஸ் தப்பிக்கும். “அடிக்கடி உடையுது” என்று அங்கே கெட்டிப் போல்ட்டை முடுக்கினால், சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் கியரையே பறிகொடுப்பீர்கள்.

பி.டி.ஓ. ஷாப்ட்டைப் பிரித்து மாட்டும்போது இரு முனைக் கவைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கிராஸுக்கு வேலை நாட்களில் தினமும் கிரீஸ் அடியுங்கள். வரப்போரம் திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்தாமல் ரோட்டவேட்டரைத் தூக்குவதுதான் கிராஸைத் தின்கிறது. ஷாப்ட்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் உடனே மாற்றுங்கள். நிமிடத்துக்கு 540 முறை சுற்றும் ஷாப்ட்டில் வேட்டி நுனியோ துண்டோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ளக்கூட நேரமிருக்காது.

செயின் வகையாக இருந்தால் பக்கவாட்டு மூடியைத் திறந்து தொய்வையும் பல்சக்கரத் தேய்மானத்தையும் பார்த்துவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் காய்ந்த நிலத்தில் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்து, என்ஜினை நிறுத்தி, எல்லா பிளேடு போல்ட்டுகளையும் மறுபடி முடுக்குங்கள். புதுப் போல்ட் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரத்தான் செய்யும்.